கைடு புக்ல ஒரே வரி: "சமஸ்கிருதமயமாதல் – உதாரணம், நாடார்கள்." இது சரிதானா?

ஆப்ஷனல்_அவஸ்தை
எல்லாருக்கும் வணக்கம். யூபிஎஸ்சி மெயின்ஸுக்கு சோசியாலஜி ஆப்ஷனல் எடுத்திருக்கேன், தமிழ் மீடியம், படிச்சது மெக்கானிக்கல். முதல் பேப்பருக்கு மார்க்ஸ், டர்க்கைம், வெபர், பார்சன்ஸ், மெர்டன், மீட்னு ஆறு பேரையும் ஆளுக்கு ரெண்டு பக்கம் நோட்ஸ் போட்டு உருப்போட்டாச்சு. கேட்டா கடகடன்னு ஒப்பிச்சிடுவேன், ஆனா இதையெல்லாம் வச்சு என்ன பண்றதுன்னு கேட்டா முழிப்பேன்.

ரெண்டாவது பேப்பர்ல சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் வந்ததும் மாட்டிக்கிட்டேன். கீழ வச்சிருக்கற சாதி ஒண்ணு, மேல இருக்கற சாதியோட சடங்கு, சாப்பாடு, உடுப்பு, பழக்கவழக்கம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஒண்ணு ரெண்டு தலைமுறையில ஒசந்த இடம் கேக்கறதுதான் சமஸ்கிருதமயமாதல்னு கைடுல போட்டிருக்கு. அதுக்குக் கீழ ஒரே வரி, உதாரணம் தமிழ்நாட்டு நாடார்கள். அவ்வளவுதான், ஏன் எப்படின்னு ஒண்ணும் இல்ல.

ரூம்ல கூட இருக்கறவன் விருதுநகர்க்காரன், அதே சமூகம். அவன் வீட்டுக்குப் போனா ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி இல்லாம எலை விழாது, பூணூல் போட்டவங்க யாரையும் நான் பாத்ததில்ல. இதுல எங்க சமஸ்கிருதமயமாதல் வந்துச்சுன்னு அவன்கிட்டயே கேட்டேன். "எங்க தாத்தா மிளகாய் வத்தல் கமிஷன் கடை வச்சிருந்தார், எனக்கு அது மட்டும்தான்டா தெரியும்"ங்கறான். யாராவது விளக்குங்க, புண்ணியமாப் போகும்.

மேலவீதி
தம்பி, கைடு சொன்னதைவிட சொல்லாம விட்டதுதான் உங்களைக் குழப்புது.

ஸ்ரீனிவாஸ் மைசூர்க்காரர், ஆக்ஸ்ஃபோர்டுல ராட்க்ளிஃப் பிரவுன்ங்கற மானுடவியலாளர்கிட்ட படிச்சவர், அதனால ஆரம்பத்துல பக்கா ஃபங்ஷனலிஸ்ட். அதாவது ஒரு சமூகத்துல இருக்கற ஒவ்வொரு சடங்கும் வழக்கமும் அந்தச் சமூகம் கலையாம நிக்கறதுக்கு என்ன வேலை செய்யுதுன்னு பாக்கற ஆளுங்க. குடகு மக்களைப் பத்தி 1952-ல வந்த புத்தகத்துலதான் இந்தக் கருத்தை முதல்ல வைக்கறார், அதுல அசைவத்தையும் குடியையும் விட்டுட்டு பிராமண வழக்கத்துக்கு மாறறதுன்னுதான் சொல்லியிருப்பார். உங்க கறிக்குழம்பு சந்தேகம் அங்க இருந்து வருது. ஆனா பின்னாடி அவரே, நான் பிராமண மாடலுக்கு அளவுக்கு மேல அழுத்தம் குடுத்துட்டேன், க்ஷத்ரிய மாடல் வைசிய மாடல்னும் உண்டுன்னு திருத்திக்கிட்டார். க்ஷத்ரியன்னு சொல்லிக்கிறவங்க கறியை விடணும்னு எந்த அவசியமும் இல்லையே. நாடார்கள் 19-ம் நூற்றாண்டு கடைசியில கேட்டது க்ஷத்ரிய இடத்தைத்தான். ராமநாதபுரம் பக்கத்து ஊர்கள்ல அப்ப பூணூல் போட்டாங்க, பல்லக்குல கல்யாண ஊர்வலம் போனாங்க, பாண்டிய வம்சம்னு சொல்லி துண்டுப் பிரசுரம் பிரசுரமா அடிச்சுத் தள்ளினாங்க. அதனால உதாரணம் சரிதான்.

ஸ்ரீனிவாஸ் பேச்சு வந்ததால இன்னொண்ணு. 1948-ல மைசூர் பக்கம் ஒரு கிராமத்துல தங்கி எடுத்த குறிப்பை பல வருஷம் உக்காந்து சீர் பண்ணி வச்சிருந்தார். 1970-ல ஸ்டான்ஃபோர்டுல அவர் இருந்த கட்டடத்துக்கு யாரோ தீ வச்சதுல மூணு பிரதியும் சேர்ந்து போச்சு. அப்புறம் மனசுல நின்னதை வச்சே அந்தக் கிராமத்தைப் பத்தி முழு புத்தகம் எழுதி 1976-ல கொண்டு வந்தார். இப்பல்லாம் ஒரு பென்டிரைவ் தொலைஞ்சா நம்ம பசங்க தீசிஸையே விட்டுடறாங்க.

பட்டாசுக்கடை
வணக்கம், நான் சிவகாசி. சோசியாலஜி எல்லாம் படிக்கல, பிகாம். ஆனா மேல எழுதின ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும், பூணூல் போட்டதாலயா நாங்க மேல வந்தோம்? எங்க ஆளுங்க கருப்பட்டி, உப்பு, கருவாடு, துணின்னு மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு வந்து பேட்டை போட்டு உக்காந்தாங்க. அந்தக் காலத்துல வழியில கொள்ளை பயம், அதனால சுத்தி மதில் வச்சு உள்ள வண்டியையும் சரக்கையும் நிறுத்தி ராத்திரி காவல் காத்தாங்க. போற வர்ற சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவுன்னு மகமை எடுத்து வச்சாங்க. அந்த மகமைக் காசுலதான் கிணறு, சாவடி, கோயில், பள்ளிக்கூடம், எல்லாமே. உறவின்முறைன்னு ஊருக்கு ஊர் எங்க ஆளுங்க கூடி நடத்தற சங்கம், அதோட கணக்கு நோட்டைப் பாத்தீங்கன்னா தெரியும் எப்படி மேல வந்தோம்னு. இதுல "அடுத்தவனைக் காப்பி அடிச்சு மேல வந்தாங்க"ன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போனா கோவம் வருமா வராதா?

மேலவீதி
அண்ணாச்சி, கோவப்படாதீங்க. காப்பி அடிச்சு மேல வந்தாங்கன்னு ஸ்ரீனிவாஸும் சொல்லல. காசும் செல்வாக்கும் வந்தப்புறம் அதுக்கேத்த சாதி அந்தஸ்தைக் கேக்கறப்ப இந்த வழி எடுத்துக்கறாங்கன்னுதான் அவர் கருத்து. அந்தப் பள்ளிக்கூடம்னு சொன்னீங்களே, விருதுநகர்ல 1880-கள்ல ஆரம்பிச்ச ஸ்கூலுக்கு என்ன பேர் வச்சாங்க? க்ஷத்ரிய வித்யாசாலா. பேர்லயே இருக்கே!

பட்டாசுக்கடை
பேர் இருக்கட்டும், அந்தப் பள்ளிக்கூடத்துல எல்லா சாதிப் புள்ளைகளுக்கும் இலவசமாத்தான் சொல்லிக் குடுத்தாக. அதையும் சேத்துச் சொல்லுங்க.

நாஞ்சில்_கலா
ரெண்டு பேரும் சொல்றது சரியாக்கும், ஆனா ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பேசிட்டிருக்கீங்க. நான் காலேஜ்ல முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எடுக்கறவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கிடுங்க.

அவஸ்தை தம்பி, நீங்க உருப்போட்ட ஜெர்மன்காரர் வெபரை இப்ப வெளிய எடுங்க. சமூகத்துல ஒருத்தனோட இடத்தை மார்க்ஸ் சொத்து, உற்பத்தி சாதனம் யார் கையில இருக்குன்னு வச்சு முடிவு பண்றார். வெபர் அது போதாதுன்னு மூணாப் பிரிக்கறார். வர்க்கம்னா சந்தையில உன் கையிருப்பு என்ன, அந்தஸ்துன்னா உனக்கு எந்த அளவு மரியாதை கிடைக்குது, கட்சின்னா அதிகாரத்தைப் பிடிக்க ஆளுங்க கூடி நடத்தற அமைப்பு. கட்சின்னதும் எலெக்ஷன் கட்சியை மட்டும் நெனைக்காதீங்க, சங்கமும் அதுல அடக்கம். இந்த மூணும் ஒண்ணாவே ஏறி ஒண்ணாவே இறங்கும்னு கட்டாயம் கிடையாது, வெபர்கிட்ட எடுத்துக்க வேண்டிய விஷயமே அதுதான்.

இப்ப எங்க ஊர்ப் பக்கம் வாங்க. தெற்குத் திருவிதாங்கூர்ல இந்தச் சமூகத்துப் பெண்கள் மேலாடை போடக்கூடாது, தண்ணிக்குடத்தை இடுப்புல வைக்கக்கூடாதுன்னெல்லாம் கட்டுப்பாடு. குடத்தை இடுப்புல வச்சா யாருக்கு என்ன நஷ்டம்? காசுக் கணக்குல ஒண்ணுமே இல்ல. ஆனா அந்தஸ்துங்கறது வாழ்க்கை நடத்தற விதத்துல இருக்கு, அந்த விதத்தை ஒரு கூட்டம் தனக்கு மட்டும்னு வேலி போட்டு வச்சுக்கிடும், மத்தவன் அதைத் தொட்டா அடிக்க வரும்னு வெபர் சொன்னது அப்படியே இதுதான். மிஷனரிகள் வந்து, நிறைய பேர் கிறிஸ்தவத்துக்கு மாறி, பெண்கள் மேலாடை போட ஆரம்பிச்சதும் சந்தையில வச்சு துணியைக் கிழிச்சாங்க, பள்ளிக்கூடத்தை எரிச்சாங்க. 1820-கள்லயும் கலவரம், திரும்ப 1858-59-லயும். கடைசியில 1859-ல மகாராஜா உத்தரவு போட்டார். அதுலயும் மேலாடை போட்டுக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் போடற மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு வால் ஒட்டியிருந்தது. அந்த வாலுக்குத்தான் பாடப் புத்தகத்துல அந்தஸ்துன்னு பேரு.

வடக்க, ராமநாதபுரம் பக்கம் கதை வேற. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடின்னு ஆறு ஊர்ல வியாபாரிகள் நிலைச்சாச்சு. அண்ணாச்சி சொன்ன மகமை, பேட்டை எல்லாம் இங்கதான். கையில காசு இருக்கு, ஆனா கோயில் வாசல் தாண்ட முடியாது. ஒரு ஏணியில மேல, இன்னொரு ஏணியில கீழ. ஜெர்ஹார்ட் லென்ஸ்கின்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1954-ல இந்த நிலைமையைப் பத்தி எழுதினார், நீங்க நோட்ஸ்ல ஸ்டேட்டஸ் இன்கன்சிஸ்டன்சின்னு வச்சிருப்பீங்க. இப்படி மாட்டிக்கிட்டவங்கதான் இருக்கற ஒழுங்கை ரொம்ப எதிர்ப்பாங்கன்னு அவர் கணிப்பு. 1897-ல கமுதி கோயிலுக்குள்ள சில நாடார்கள் நுழைஞ்சதும் அதுக்கப்புறம் நடந்ததும் அந்தக் கணிப்புக்குப் பொருந்தி வருது.

ஆப்ஷனல்_அவஸ்தை
அக்கா, கமுதி பத்தி கைடுல ஒண்ணுமே இல்ல. அப்புறம் என்ன ஆச்சு?

நாஞ்சில்_கலா
ராமநாதபுரம் ராஜா அந்தக் கோயிலுக்கு தர்மகர்த்தா, அவர் தரப்புல வழக்குப் போட்டாங்க. இவங்க நாங்க க்ஷத்ரியர், பாண்டிய வம்சம், உள்ள போக உரிமை உண்டுன்னு வாதாடினாங்க. 1899-ல மதுரை கோர்ட்டுல தோத்தாங்க, அதே வருஷம் சிவகாசிக் கலவரம். 1901-ல மெட்ராஸ் ஹைகோர்ட்டுல தோத்தாங்க. லண்டன்ல பிரிவி கவுன்சில், அதான் அப்ப கடைசி அப்பீல் கோர்ட், அது வரைக்கும் போனாங்க, 1908-ல அங்கயும் தோல்வி.

மேலவீதி ஐயா, உங்க உதாரணத்துல நான் இடறற இடம் இதாக்கும். பூணூல், பல்லக்கு, வம்சக்கதை, பேரு எல்லாம் முயற்சி பண்ணிப் பாத்தாச்சு, மேல இருந்தவங்களும் ஒத்துக்கல, கோர்ட்டும் ஒத்துக்கல. பாவனை பண்ணினா இடம் கிடைக்கும்ங்கற கொள்கைக்கு இதையா உதாரணமாக் காட்டறது? கேட்டுப் பாத்தாங்க, கிடைக்கல. கிடைச்சது வேற வழியில. 1910-ல நாடார் மகாஜன சங்கம். 1921-ல அரசாங்கக் கணக்குல பழைய பேர் போய் நாடார்னு பதிவு. அதே 1921-ல தூத்துக்குடியில நாடார் பேங்க், அதான் 1962-ல தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்னு ஆச்சு. இதெல்லாம் வெபரோட மூணாவது பெட்டி, கூடி நின்னு அதிகாரம் தேடறது.

மேலவீதி
டீச்சர், நல்ல இடத்துல பிடிச்சீங்க. ஆனா ஸ்ரீனிவாஸ் பக்கம் நின்னு ஒரு வார்த்தை. இடம் கேக்கறதுங்கற நடவடிக்கைக்குத்தான் அவர் பேர் வச்சார், கேட்டது கெடச்சே தீரும்னு சொல்லல. தனிப்பட்ட சாதியோட இடம் மாறலாம், அமைப்பு மாறாதுன்னும் தெளிவா எழுதியிருக்கார். அந்த ஏக்கம் பொய் இல்லையே. 1901 சென்சஸ்ல அதை நடத்தின வெள்ளைக்கார அதிகாரி ரிஸ்லி சாதிகளை சமூக மரியாதை வரிசைப்படி அடுக்கப் போறேன்னு ஆரம்பிச்சதும் நாடு முழுக்க மனுவா வந்து குவிஞ்சது, எங்களை க்ஷத்ரியர்னு போடு, எங்களை வைசியர்னு போடுன்னு. நாடார்கள் மட்டும் பண்ணினதில்ல, அத்தனை சாதியும் பண்ணுச்சு. அந்த மனுக்களை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?

நாஞ்சில்_கலா
மனுன்னுதான் கூப்பிடுவேன் 😀 அதுலயும் பாருங்க, மேல்சாதிக்காரன் முன்னாடி போய் நிக்கல, சர்க்கார் முன்னாடி நிக்கறான். அந்தஸ்தை யார் குடுக்கணும்ங்கறதே மாறிப்போச்சு.

சும்மா_வந்தேன்
எனக்கு ஒண்ணு புரியல. நம்ம ஊர் மகமையைப் புரிஞ்சுக்க ஜெர்மனிக்காரன் எதுக்கு? நம்ம பெரியவங்களுக்குத் தெரியாததா? எல்லாத்துக்கும் ஒரு வெள்ளைக்காரன் பேரை ஒட்டினாத்தான் மதிப்புன்னு ஆகிப்போச்சு, இதுவும் ஒரு சமஸ்கிருதமயமாதல்தானே.

மேலவீதி
கடைசி வரி சூப்பர், ஒத்துக்கறேன். ஆனா வெபர் சொன்ன எல்லாத்தையும் தலையில வச்சு யாரும் ஆடல. இந்து மதமும் சாதியும் இருக்கற வரைக்கும் இந்த மண்ணுல நவீன முதலாளித்துவம் தானா முளைக்காதுங்கற மாதிரி எழுதினவரும் அவர்தான். சாதிங்கற அமைப்பையே பேங்காவும் இன்சூரன்ஸாவும் மாத்தின உறவின்முறையை அவர் பாக்கவே இல்ல. அவரோட கருவியை எடுத்துக்கலாம், முடிவை இங்க கொண்டு வந்து சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்துக்கணும்.

இந்தக் கருவி எங்க தஞ்சாவூர்ல ஒருதடவை நல்லாவே வேலை செஞ்சிருக்கு. ஆந்த்ரே பெத்தேய்னு டெல்லியில இருந்து வந்த ஆய்வாளர், 1961-62-ல தஞ்சாவூர் ஜில்லாவுல ஒரு கிராமத்துல தங்கினார். ஊர்ப் பேரை மறைச்சு ஸ்ரீபுரம்னு வச்சு எழுதினார். வெபரோட மூணு பெட்டியை எடுத்துக்கிட்டு அக்ரகாரம், பிராமணர் அல்லாதார் தெரு, சேரின்னு ஊரையே பிரிச்சுப் பாத்தார். பழைய காலத்துல நிலம், சாதி மரியாதை, அதிகாரம் மூணும் ஒரே தெருவுல இருந்துச்சு, இப்ப நிலம் கைமாறிக்கிட்டு இருக்கு, பஞ்சாயத்து அதிகாரம் பிராமணர் அல்லாதார் கைக்குப் போயிடுச்சு, மரியாதை மட்டும் அக்ரகாரத்துல மிச்சம்னு சொன்னார். மூணும் தனித்தனியாப் பிரியறதை கண்ணால பாத்துட்டு எழுதினது. அவர் தங்கினது அக்ரகாரத்துல, பிராமணர் மாதிரியே நடந்துக்க வேண்டியிருந்துச்சு, அதனால சேரிப் பக்கம் தாராளமாப் போக முடியலன்னும் அவரே எழுதி வச்சிருக்கார். ஃபீல்டுவொர்க்னா என்னன்னு பரீட்சையில கேட்டா இதைப் போடுங்க தம்பி. ஆய்வாளன் எந்தத் தெருவுல படுக்கறானோ அந்தத் தெரு அவன் எழுத்துல வராம போகாது.

செங்கொடி2
ரொம்ப நேரமா படிச்சிட்டிருக்கேன் தோழர்களே. நாடார், நாடார்னு எல்லாரும் ஒரே கட்டியாப் பேசறீங்க. தேரிக்காட்டுல ஒரு நாளைக்கு அத்தனை பனை ஏறி இறங்கி பதநீர் இறக்கினவனும், விருதுநகர்ல கிட்டங்கி வச்சிருந்தவனும் ஒரே வர்க்கமா? தெற்க பனங்காட்டுக்குச் சொந்தக்காரங்களா இருந்த சின்னக் கூட்டம் தனி, பனையேறிகள் தனி. க்ஷத்ரியர்னு கேஸ் போட்டது யாரு, காசுள்ளவன். அவனுக்கு பனையேறியோட சொந்தம் சொல்லிக்கவே கொஞ்ச காலம் வெக்கமா இருந்துச்சு. சமூகம் முன்னேறிடுச்சுன்னு ஒரு வாக்கியம் எழுதினா அதுல எழுவாய் யாருன்னு முதல்ல கேளுங்க, மார்க்ஸ் படிக்கறதோட முதல் பலன் அதுதான்.

வர்க்கம் ஒரு பெட்டி, அந்தஸ்து ஒரு பெட்டின்னு பிரிச்சு வைக்கறது பாக்க அழகா இருக்கு. கீழத்தஞ்சையில 1968-ல கீழ்வெண்மணியில 44 பேரை எரிச்சாங்க. கேட்டது கூலி உயர்வு, செத்தவங்க தலித் விவசாயக் கூலிகள். அங்க போய் இது வர்க்கமா சாதியான்னு பெட்டி பிரிச்சுக் காட்டுங்க பாப்போம்.

நாஞ்சில்_கலா
தோழர், பனையேறி பத்தின உங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சே இல்ல, என் ஆச்சி வீட்டுப் பக்கம் பனையேத்தத்துல விழுந்து இடுப்பு போனவங்க உண்டு, அவங்களுக்கு எந்த பேங்கும் கதவு திறக்கல. வெண்மணியில ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்திருந்ததாலதான் அவ்வளவு கொடூரம். சேர்ந்திருக்கறதைச் சொல்றதுக்கும் ரெண்டு பேர் வேணுமே. கமுதியில பிரிஞ்சு கிடந்துச்சு, வெண்மணியில பின்னிக் கிடந்துச்சு, எங்க எப்படின்னு பாக்கத்தான் பிரிச்சுக் கேக்கறோம்.

ஒரு இடத்துல மட்டும் உங்ககிட்ட வேறுபடறேன். காசுள்ளவன் வெக்கப்பட்டான்னீங்க, சரி. ஆனா 1910-க்கு அப்புறம் அதே சங்கம் தெற்க போய் கூட்டம் போட்டுச்சு, பள்ளிக்கூடம் வச்சுச்சு, வடக்கு தெற்குன்னு பிரிஞ்சு கிடந்தவங்களை ஒரே சாதின்னு சொல்ல வச்சுச்சு. ஏன்? சென்சஸ்லயும் கவுன்சில்லயும் தலை எண்ணிக்கைதான் பேசும். லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சாதிச் சங்கங்களைப் பத்தி எழுதினப்ப இதைத்தான் சொன்னாங்க, பழைய சாதின்னு நாம நெனைக்கற பலது ஜனநாயகத்துக்காகப் புதுசாக் கட்டினது.

மாடரேட்டர்
ஒரு பதிவை நீக்கியிருக்கேன். பழைய சாதிப் பெயரை வசையா எழுதறதுக்கு இங்க இடமில்லை. விவாதம் நல்லாப் போகுது, அப்படியே போகட்டும்.

ஆப்ஷனல்_அவஸ்தை
எல்லாருக்கும் நன்றி, நிஜமாவே இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. டர்க்கைமை மட்டும் யாரும் தொடலயே, அவரை இதுல எங்க பொருத்தறது? அவர் தற்கொலை ஆய்வு 1897, கமுதியும் 1897, அந்த ஒரு ஒத்துமைதான் எனக்குத் தெரியுது 😅

நாஞ்சில்_கலா
வருஷ ஒத்துமையை பேப்பர்ல எழுதிடாதீங்க மக்கா. 1893-ல டர்க்கைம் எழுதின உழைப்புப் பிரிவினை புத்தகத்துக்கு வாங்க. பழைய சமூகத்துல எல்லாரும் ஒரே மாதிரி இருக்கறதால ஒட்டிக்கிட்டு இருப்பாங்க, அது இயந்திர ஒருமைப்பாடு. தொழில் பிரியப் பிரிய ஒருத்தனுக்கு இன்னொருத்தன் தேவைப்படறதால ஒட்டிக்கிடுவாங்க, அது உயிர் ஒருமைப்பாடு. சந்தையும் நகரமும் வளந்தா முதலாவது தேஞ்சு ரெண்டாவது ஏறும்னு அவர் எதிர்பாத்தார்.

உறவின்முறை என்ன பண்ணுச்சு? நீளமான வியாபாரம், ஊர் ஊரா சரக்கு, கடன், உண்டியல்ங்கற பணச்சீட்டு, எல்லாம் நவீன சந்தை வேலை. ஆனா அதைத் தாங்கி நின்னது ரத்தசொந்தம். கடன் வாங்கினவன் ஏமாத்தினா கோர்ட்டுக்குப் போக வேண்டாம், உறவின்முறைக் கூட்டத்துல நிறுத்தி வச்சுக் கேட்டாப் போதும், அவன் பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. பழைய பசையை வச்சு புது வீடு கட்டியாச்சு. டர்க்கைம் ரெண்டையும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா வச்சார், இங்க ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கு. நான் பேப்பர் திருத்தினா இந்த ஒரு பாயிண்டுக்கு முழு மார்க் போடுவேன். இதையே பூர்தியூங்கற ஃபிரெஞ்சு சமூகவியலாளர் கண்ணால பாத்தா உறவு முதலா இருந்தது காசு முதலாச்சு, காசு முதல் பள்ளிக்கூடம் வழியா படிப்பு முதலாச்சுன்னு எழுதலாம், அது உங்க சிலபஸ்ல நேரா இல்ல, அதனால ஒரு வரி போதும்.

பட்டாசுக்கடை
டீச்சர் சொன்ன மாப்பிள்ளை விஷயம் நூத்துக்கு நூறு. இன்னைக்கும் அப்படித்தான் ஓடுது, விரிவாச் சொல்ல மாட்டேன், சொந்தக்காரங்க இந்தத் தளத்தைப் படிக்காக.

வடகரை
இவ்வளவு நேரம் படிச்சேன், ஒரு ஆள் பேரு வரலை. 1916 மே மாசம் கொலம்பியா யுனிவர்சிட்டியில ஒரு 25 வயசுப் பையன் இந்தியாவில் சாதிகள்னு ஒரு கட்டுரை படிச்சார். மேல இருக்கறவன் தன் கூட்டத்துக்குள்ளயே கல்யாணம்னு பூட்டிக்கிட்டான், அதைப் பாத்து அடுத்தவனும் பாவனை பண்ணினான், அந்தப் பாவனை தொத்து மாதிரி கீழ கீழ பரவுச்சுன்னு கேப்ரியல் டார்டுங்கற ஃபிரெஞ்சு சமூகவியலாளரை வச்சு விளக்கினார். சிலர் கதவைச் சாத்திக்கிட்டாங்க, மத்தவங்க அது தங்களுக்கு எதிரா சாத்தியிருக்கறதைக் கண்டாங்கன்னு அதுல ஒரு வரி வரும். அம்பேத்கர். ஸ்ரீனிவாஸுக்கு 36 வருஷம் முன்னாடி. பாவனைன்னு கைடுல எழுதறீங்களே, இந்தப் பேரு எத்தனை கைடுல இருக்கு?

ரெண்டு பேருக்கும் வித்தியாசம் என்னன்னா, ஸ்ரீனிவாஸ் பாவனையை மேல ஏறற வழியாப் பாக்கறார். அம்பேத்கர் பாவனையாலதான் சாதியே பெருகுச்சுங்கறார். ஒவ்வொருத்தனும் மேல இருக்கறவனைப் பாத்து தன் கதவைச் சாத்தினா மிச்சம் என்ன இருக்கும், கதவா நிக்கற வீதிதான். அப்புறம் தீண்டாமைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் என்ன பாவனை பண்ணினாலும் கோடு தாண்ட முடியாதுங்கறதை ஸ்ரீனிவாஸே ஒத்துக்கிட்டார். அப்ப இந்தக் கொள்கை யாருக்கு?

ஆக்ரா ஜாதவ்களை எடுத்துக்கங்க. செருப்புத் தொழில்ல காசு பாத்த தலித் சமூகம். 20-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல அவங்களும் நாங்க க்ஷத்ரியர்னு கேட்டாங்க, கிடைக்கல. அப்புறம் அம்பேத்கர் பின்னாடி போனாங்க, 1956-க்கு அப்புறம் நிறைய பேர் பௌத்தம். ஓவன் லிஞ்ச்ங்கற அமெரிக்க மானுடவியலாளர் 1969-ல எழுதினது இதைப் பத்தித்தான். யாரைப் பாத்து நம்மளை அளக்கறோம்ங்கற மெர்டனோட ரெஃபரன்ஸ் குரூப்பை எடுத்துக்கிட்டு, இவங்க அந்த அளவுகோலையே மாத்திட்டாங்கன்னு காட்டினார். முன்னாடி மேல்சாதி அளவுகோல், பின்னாடி குடிமகன்ங்கற அளவுகோல். நாடார் கதைக்கு இதைப் பக்கத்துல வச்சுப் படிங்க தம்பி.

நாஞ்சில்_கலா
வடகரை, அருமை. நாடார்கள்லயும் அளவுகோல் மாறத்தான் செஞ்சது. 1929-ல செங்கல்பட்டுல முதல் சுயமரியாதை மாநாட்டுக்கு தலைமை யாரு, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். அப்பா தலைமுறை க்ஷத்ரியர்னு கேஸ் நடத்துது, புள்ளை தலைமுறை புரோகிதரே வேண்டாம்னு கல்யாணம் நடத்துது. நடுவுல பிரிவி கவுன்சில் தீர்ப்பு மட்டும் நிக்கல, நீதிக்கட்சி வந்தாச்சு, ஓட்டு வந்தாச்சு. கோயில் கதவு எப்ப திறந்துச்சு? 1939 ஜூலையில, மதுரை மீனாட்சி கோயில்ல, வைத்தியநாத ஐயர் கூட்டிட்டுப் போன ஆதிதிராவிடர்களோட ஒரு நாடாரும் சேர்ந்து உள்ள போனார், சட்டமும் அந்த வருஷமே வந்துச்சு. க்ஷத்ரியர்னு தனியாக் கேட்டப்ப திறக்காதது, ஒதுக்கி வச்சவங்களோட சேர்ந்து போனப்ப திறந்துச்சு.

வடகரை
திறந்துச்சு, சரி. அதுக்கப்புறம் உள்ள போனவங்க எல்லாரும் வெளிய நின்னவங்களை ஞாபகம் வச்சிருந்தாங்களாங்கறது வேற இழையில பேசலாம்.

பட்டாசுக்கடை
பேசலாம் தம்பி. அதுல எங்க பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கு, கேக்க வேண்டியதும் இருக்கு.

சும்மா_வந்தேன்
எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். க்ஷத்ரியர்னு லண்டன் வரைக்கும் போய் கேட்டவங்க இப்ப பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல இருக்காங்க. இது என்ன மயமாதல்?

மேலவீதி
இதையும் ஸ்ரீனிவாஸே பாத்துட்டார். மைசூர்ல லிங்காயத், ஒக்கலிகர்னு நிலமும் செல்வாக்கும் உள்ள சாதிகளே எங்களைப் பிற்படுத்தப்பட்டவங்க பட்டியல்ல வைங்கன்னு கேட்டதைப் பத்தி எழுதியிருக்கார். பின்தங்கினவங்கன்னு இருக்கறதுல ஒரு லாபம் வந்ததும் மேல ஏறிக் காட்டற அவசரம் குறையுது. டீச்சர் மேல சொன்னதுதான், அந்தஸ்தை குடுக்கறவன் இடத்துல சர்க்கார் வந்து உக்காந்தா, கேக்கற பாஷையும் மாறும். வீட்டுக்குள்ள அரச வம்சம், ஆபீஸ்ல பிற்பட்டோர் சர்டிபிகேட். ரெண்டையும் ஒரே ஆள் ஒரே நாள்ல சொல்வார், முரண்பாடுன்னே தோணாது. ஆள் பாக்கறப்ப ஒரு நடிப்பு, பாக்காதப்ப வேறன்னு கோஃப்மேன்ங்கற சமூகவியலாளர் சொல்ற மேடையும் மேடைக்குப் பின்னாடியும்னு இதை வச்சு ஒரு கேள்வியே தயார் பண்ணலாம்.

ஆப்ஷனல்_அவஸ்தை
ஐயா, அக்கா, இந்த பட்டியல் விஷயத்தை சமஸ்கிருதமயமாதல் கேள்வியிலேயே சேத்துடட்டுமா? 150 வார்த்தைதான் இடம்.

நாஞ்சில்_கலா
10 மார்க் கேள்வின்னா வேண்டாம், 20 மார்க்னா கடைசிப் பத்தியில போடுங்க. முதல்ல விளக்கம், உடனே க்ஷத்ரிய மாடல், அதுக்கு அடுத்து கமுதி வழக்கும் 1908-ம், அப்புறம் சங்கம். அம்பேத்கர் 1916-ஐ எங்கயாவது நுழைச்சிடுங்க, திருத்தறவங்க கண்ணு நிக்கும். மகமை ஒரு வரி கட்டாயம், இல்லேன்னா அண்ணாச்சி கோவிச்சுக்கிடுவாரு.

பட்டாசுக்கடை
கட்டாயம்.